வெள்ளிக்கிழமைத் தாளில் சேராதவை

வெள்ளிதோறும் மதியம் இரண்டுக்குள்
பெற்றோருக்கு ஒரு தாள் போயாக வேண்டும்.
முன்பக்கம் தலைமையாசிரியை ஹெஃபர்னன் எழுதுவார்.
பின்பக்கம் என்னுடையது.

பேன் திரும்பி வந்திருக்கிறது, தலையைப் பாருங்கள்.
மைதானம் சேறு, மாற்றுக் காலுறை கொடுத்தனுப்பவும்.
விறகுக் குலுக்கலில் சேர்ந்தது நானூற்றுப் பன்னிரண்டு டாலர்;
ஒரு வண்டி விறகும் விழுந்தது ஃபாதர் செஃபோவுக்கு.
அவர் வீட்டில் கணப்பே கிடையாது
என்பதை எழுதவில்லை.

ஜூன் ஒன்றுக்கு ஒரு கட்டம் விட்டு வைத்திருந்தேன்.
தெற்குத் தீவில் இந்தப் பக்கத்தாருக்கு
அந்தத் தேதியை விளக்க வேண்டாம்.
பால்பண்ணைக் குத்தகைகள் அன்றுதான் முடியும்,
அன்றுதான் தொடங்கும்.
மாடுகள் லாரியில் போகும்,
பின்னாலேயே மெத்தை, சலவை இயந்திரம், நாய்,
பிள்ளைகள்.

முப்பத்து நாலு பேர் படிக்கும் பள்ளியில்
ஆறு பேர் ஒரே சனிக்கிழமை கிளம்பினால்
நெட்பால் அணி போச்சு.
அமைச்சகத்துக்கு நான் நிரப்பும் படிவத்தில்
ஓர் ஆசிரியரின் சம்பளம் ஆட்டம் காணும்.
போதாததற்கு, புதுநன்மைக்குத் தயாரான ஐவரில்
லிகாயாவும் அவளோடு பிறந்த இரட்டை ஹெரால்டோவும்
அந்த ஆறில் அடக்கம்.
புதுநன்மை ஜூன் ஒன்பது.
அவர்கள் போவது இன்வர்கார்கில் பக்கம்:
எழுநூறு மாடு, கோயிலுக்கு நாற்பது கிலோமீட்டர்.

செவ்வாய்க்கிழமை ஓவன் மல்கஹி
என் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு தட்டையாகும்வரை அழுத்தி,
"ஏசு ஒன்பதாம் தேதிதான் வருவாரா?
இந்த வியாழன் அவருக்கு வேறு வேலையா?" என்றான்.
நான் கோப்பு அடுக்குவதுபோல் இருந்தேன்.
இப்படிக் கேள்விகளுக்கு எனக்குச் சம்பளம் இல்லை.
ஆனால் ஃபாதரைத் தொலைபேசியில் கூப்பிட்டது நான்தான்.

வியாழன், பதினொன்றே கால்.
தகரக் கூரையில் மழை போட்ட போட்டில்
வாசகம் பாதி யாருக்கும் கேட்கவில்லை.
லிகாயாவின் வெள்ளைக் கவுன்
கட்டிவைத்த பதினாறு பெட்டிகளில் ஏதோ ஒன்றில்.
பள்ளி ஸ்வெட்டரில் வந்தாள்,
முழங்கையில் நூல் பிரிந்தது.
மற்ற மூவர் வீட்டிலும்
இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி தயாராகத் தொங்கியது.
மூவரும் ஸ்வெட்டரில் வந்தார்கள்.
பெரியவர்கள் யாராவது சொல்லியிருந்தால்
என் காதுக்கு எட்டியிருக்கும்;
இந்தக் கட்டடத்தில் எதுவும் என்னைத் தாண்டிப் போகாது.

ஓவன் மென்றான். யோசித்தான்.
"ஒத்திகையில் தந்ததே தேவலை" என்றான், சத்தமாக.
சின்னவர்கள் சிரித்தார்கள். ஃபாதரும்தான், தோள் குலுங்க.
கறவையிலிருந்து நேரே வந்த லிகாயாவின் அம்மா
ரப்பர் பூட்ஸைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு
ஈரக் காலுறையோடு நின்று
கேக்குக்கு நன்றி என்றாள் எல்லோரிடமும்.
கேக்கை இன்னும் வெட்டவே இல்லை.

இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது?
"ஆறு பிள்ளைகளுக்கு விடைகொடுக்கிறோம்" என்று தட்டினேன்,
பெயர்கள் அகர வரிசையில்.
ஹெரால்டோவில் ஓர் எழுத்து விட்டுப்போனதை
அச்சான பிறகுதான் பார்த்தேன்.

திங்கள் காலை, கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே
ஆறு பெயர்ச்சீட்டும் அப்படியே இருந்தன.
டெனிஸ் சுரண்டும் கத்தியோடு வந்தான்.
"பிறகு பார்க்கலாம்" என்றார் ஹெஃபர்னன்.
ஒன்பதரைக்கு ஒரு வேன்,
பக்கக் கண்ணாடிக்குப் பதில் ஒட்டுநாடா.
மூன்று பிள்ளைகள், வடக்கேயிருந்து.
கத்தோலிக்கரா என்று படிவம் கேட்கும் இடத்தில்
அவர்களின் அம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
அதை அப்புறம் நிரப்பலாம் என்றேன்.
நடுப்பெண் யாரோடும் பேசாமல் போய்
லிகாயா என்ற பெயருக்குக் கீழே
தன் ஈரக் கோட்டை மாட்டினாள்.

அடுத்த தாளுக்கு:
முப்பத்தொன்று.
ஃபாதர் வீட்டு வாசலில் விறகு நனைகிறது,
வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்.
இடது கால் பூட்ஸ் ஒன்று, பச்சை, அளவு பதின்மூன்று.
உள்ளே அவன் அம்மா பேனாவால் எழுதிய பெயர்,
ஓர் எழுத்தும் விடாமல்.
என் மேசைக்கடியில் இருக்கிறது.