இரண்டு யூனிட்

பிரிட்டோ கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனபோது
விட்டுப்போனது ஒரு கட்டில், ஒரு கன்சோல்,
பாதியில் நின்ற ஒரு போர்.
நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"பொழுது சாய்வதற்குள் கோட்டைக்குப் போ,
உன் தம்பி உயிர் உன் கையில்" என்று
முதல் காட்சியிலேயே ஒரு தளபதி கத்தினான்.
அதற்கப்புறம் நூற்று நாற்பது தரம்
பொழுது சாய்ந்துவிட்டது.
நான் காளான் பறித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி சாகவில்லை.
நான் கோட்டை வாசலை மிதிக்கும்வரை
அவன் கழுத்தில் கத்தி அப்படியே நிற்கும்.
கதைக்கு அவ்வளவு கருணை,
இல்லை, சோம்பல்.

பகலில் நான் மின்வாரியக் கணக்கீட்டாளர்.
பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான்,
ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தெருத்தெருவாக மீட்டர்.
இங்கே எதுவும் எனக்காக நிற்காது.
பத்தாம் தேதிக்குள் ஏற்றாவிட்டால்
ஏ.இ. போன் வரும், கத்தி நகரும்.

இந்தத் தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் பின்வாசல்,
நடுவில் இருப்பதெல்லாம்
என் வரைபடத்தில் வெறும் மூட்டம்.
'கதவு பூட்டு' என்று குறித்துவிட்டு
அடுத்த வீட்டுக்கு வண்டியை உதைப்பேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி
மஞ்சள் அம்பு வடக்கே இழுக்க இழுக்க
தெற்கே நடந்தேன்.
மலைக்குப் பின்னால் ஒரு குடிசை.
மேசையில் இரண்டு தட்டு.
ஒன்றில் சோறு மிச்சம்,
மற்றது கழுவிக் கவிழ்த்தது.
வாசலில் ஒற்றையாய் ஒரு சின்னச் செருப்பு.
கேட்க ஆளில்லை. பணி இல்லை, பரிசு இல்லை.
எந்த பட்டனை அழுத்தினாலும்
எதுவும் திறக்கவில்லை.

எந்த நாட்டிலோ ஒருத்தர்
ஆபீஸில் எல்லாரும் கிளம்பிய பிறகு
அந்தத் தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்,
ஒருத்தரும் வராமலே போகலாம் என்று தெரிந்தே.
தளபதிக்கு வசனம் எழுதியவரைவிட
இவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளத்தூரில் ஓர் இணைப்பு உண்டு.
மீட்டர் வெளிச்சுவரில்.
கதவுப் பூட்டில் பதினோரு வருஷத் துரு.
போகும்போதெல்லாம் இரண்டு யூனிட் ஏறியிருக்கும்.
"கசிவா இருக்கும் மேரி" என்றார் லைன்மேன் ராயப்பன்.
எலி என்றார். சிரித்தார்.
"நம்ம வேலை நம்பர் எடுக்கிறது."

இன்று பதினொரு மணி வெயிலில்
வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சுற்றிப்போனேன்.
பின்தெரு. ஒரு ஜன்னலில்
பச்சைக் கண்ணாடி ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.
கல்லில் கால் ஊன்றி எட்டிப் பார்த்தேன்.
வளவில் சதுரமாய் வெயில்.
தட்டு இல்லை, செருப்பு இல்லை,
எனக்கென்று யாரும் எதையும் வைத்திருக்கவில்லை.
உள்ளே, இரண்டாங்கட்டில்,
ஒரு குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

கணக்குப் போடாமல் இருக்க எனக்குத் தெரியாது.
நாற்பது வாட். இரண்டு யூனிட். ஐம்பது மணி நேரம்.
அறுபது நாளுக்குப் பங்கிட்டால்
நாளுக்கு ஐம்பது நிமிஷம்.

நின்றிருந்தால்
அணைக்கும் கையைப் பார்த்திருக்கலாம்.
இன்னும் பதினேழு வீடு பாக்கி.
ஏ.இ. கூப்பிட்டார்.
இறங்கியதில் முட்டி சிராய்த்தது.

ராத்திரி பிரிட்டோ பேசினான்.
"முடிச்சிட்டியாக்கா?"
"இல்ல."
"இத்தனை நாளா என்னதான் பண்ற?"
தட்டைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை,
அவனுக்குப் பின்னால் ஹாஸ்டல் குழாய் கொட்டியது.
"எந்த மலைக்குப் பின்னாடி?" என்றான்.

வழி சொன்னேன்.
பல்பைச் சொல்லவில்லை.