நீருக்குக் கழித்தது

சிற்றுண்டிச்சாலை நெஸ்டா
வாளியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறாள்.
நானூறு தேயிலைப் பைகள், இன்னும் வெதுவெதுப்பாக.
அபெரிஸ்ட்வித் குடித்து முடித்த ஒரு காலை.

கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுகிறேன்.
சக்கையைக் கொதிநீரில் அலசுகிறேன்,
ஒன்பதாம் தரம், பதினோராம் தரம்,
தண்ணீர் தண்ணீராகவே வடியும்வரை.
நிறம் மணம் ருசி,
விலை கொடுத்து வாங்கியதெல்லாம் போனபின்
மிஞ்சுவதுதான் எனக்கு வேண்டும்.

மலைக்கு மேலே பழைய சுரங்கத்தின் வாய்.
ஈயம் எடுத்தவர்கள் போய் நூறாண்டு,
வாயை மூட மறந்துவிட்டார்கள்.
மழை உள்ளே போகிறது,
பளிங்காக வெளியே வருகிறது.
அதுதான் சிக்கல். கரைந்த ஈயத்துக்கு நிறமில்லை.
இத்வாலின் ஆடுகள் குனிந்து குடிக்கின்றன.
இந்த ஓடைக்கு வர மீனுக்குத்தான் மனசில்லை என்கிறார் அவர்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு சொல் தந்தார்கள்.
அகத்துறிஞ்சல்: பஞ்சு தண்ணீரைக் குடிப்பது.
புறத்துறிஞ்சல்: மேலேயே ஒட்டவைத்துக்கொள்வது,
உள்ளே விடாமல்.
மாற்றி எழுதி இரண்டு புள்ளி இழந்தேன்.
இத்தனைக்கும் தினமும் பார்த்ததுதான்:
கடன்காரன் வந்தால்
எங்கள் லயத்துப் பெண்கள்
வாசலிலேயே நிறுத்திக்
கதை கொடுத்துப் பிடித்துவைப்பார்கள்,
பொழுது சாயும்வரை.

உலர்த்தி நிறுக்கிறேன்.
நூற்றைந்து பாகையில் மறுபடி உலர்த்தி நிறுக்கிறேன்.
குறைந்தது நீர். கணக்கில் கழிக்கிறேன்,
தராசின் கண்ணாடிக் கதவை மூச்சுப் படாமல் சாத்தி,
நான்கு தசமம்வரை.

அம்மாவின் கொழுந்துக்கும் நீர் கழித்தார்கள்,
மடுவத்துத் தராசில்.
மழை நாளில் மூன்று கிலோ.
வெயில் நாளிலும் மூன்று கிலோ.
பதினாறு நிறுத்தால் பதின்மூன்று,
பதின்மூன்றுக்கு அரைப்பேர்.
வெயிலில் ஏது நீர் என்று கேட்டதற்குக்
கணக்கப்பிள்ளை பேனாவை மூடினார்.
அந்த மூன்று கிலோவை யார் குடித்தார்கள்?
இந்த வாளிக்குள் அது இருக்கலாம்.
இருக்காது.
இது கென்யத் தூள், பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.
அங்கே எத்தனை கழித்தார்களோ.

குழாய் நிறையச் சக்கை.
மேலே சுரங்க நீர், கீழே சொட்டு.
மணிக்கொரு போத்தல்.
முதல் மணி: ஈயம் இல்லை.
ஆறு: இல்லை.
பதினெட்டு: இல்லை.
கருவி பழுதா என்று ரிதியன் எட்டிப் பார்த்தான்.
இருபத்தேழாம் மணி, விடியற்காலை நாலரை,
ஊசிமுனை அளவு.
அடுத்த போத்தலில் இரு மடங்கு.
பிறகு வரிசையாக, கேட்பாரில்லாமல்.
'விட்டுவிட்டது' என்று எழுதக் கை போனது.
'நிறைந்தது' என்று எழுதினேன்.

அமிலம் விட்டால் பிடி தளரும்.
ஒரு கோப்பைக்குள் அத்தனை ஈயமும் வந்து நிற்கும்.
சக்கை இன்னொரு முறைக்குத் தயார்.
கோப்பையை எங்கே கொண்டுபோய் வைப்பது?
குறிப்பேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஓடை முழுதுக்கும் எத்தனை வாளி என்று
இத்வால் கேட்டார்.
ஓடைக்குச் சொல்லப் பயந்து
அவருடைய குட்டைக்கு மட்டும் சொன்னேன்:
மாதம் நாற்பது.
'குடித்துவிடலாம்' என்றார்,
வேலியில் கம்பி முறுக்கிக்கொண்டே.

இன்றைக்கும் வாளி வந்திருக்கிறது.
அடியில் பிசுபிசுப்பு.
யாரோ கோப்பையோடு கவிழ்த்திருக்கிறார்கள்,
மூன்று கரண்டிச் சீனி போட்டுக் குடிக்கும் யாரோ.
முதலில் அதைக் கழுவ வேண்டும்.