முகவரிப் பட்டை இல்லாத ஜன்னல்

மஹ்பூலா, நான்காவது மாடி, ஆறு பேர் அறை.
வெள்ளிச் சந்தையில் பதினெட்டு தினாருக்குப் பேரம் பேசி
டாக்சியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த கணினி.
பிரவுசரைத் திறந்தால் நாற்பது டேப்.
எது எவனுடையது என்று தெரியாது.
பூவலிங்கம் பார்த்து வைத்திருந்த பெண்ணை
ரியால் விலை தேடிய அபுதாகிர் மூடிவிட்டான் ஒருநாள்.
பதிவு எண் போச்சு.
இரண்டு நாள் பேச்சில்லை.
குழம்பு மட்டும் பொதுவில் கொதித்தது.

லிஃப்ட் மெக்கானிக் நான்,
மூடி இருந்தால் கழற்றிப் பார்த்துவிடுவேன்.
மெனுவுக்குள் மெனுவாக இறங்கிய விடுமுறை நாளில்
அடியில் கிடந்தது அந்த வரி:
ஒரு தளத்தைப் பிரவுசரிலிருந்து பிரித்துத்
தனிச் செயலியாக நிறுவலாம்.
சொந்த ஐகான். சொந்த ஜன்னல்.
மேலே முகவரிப் பட்டை கிடையாது,
பின்னால் போகும் அம்புக்குறி கிடையாது.
எங்களைப் போலத்தான் என்றான் இருதயதாசன்,
சதுரங்கத்தில் குதிரையை நகர்த்திக்கொண்டே.
யாரும் சிரிக்கவில்லை, அவனும்.

அன்றிரவே வரிசை நின்றது.
அபுதாகிருக்கு நாணய மாற்று.
பூவலிங்கத்துக்கு வரன் தளம்
(திறக்கும்போதெல்லாம் வயதை அதுவே கூட்டிக் காட்டும்).
சுப்பாராயுடுவுக்குப் பெண் படிக்கும் பள்ளியின் மதிப்பெண் பக்கம்.
தெலுங்கில் ஒருமுறை, எனக்காகத் தமிழில் ஒருமுறை
கணக்கில் தொண்ணூற்றொன்று என்று படிப்பான்.

நிமலரூபன் கேட்டது கப்பல்.
நீலத் திரை, அதில் ஊரும் பச்சை முக்கோணங்கள்.
ஒன்றின் வயிற்றுக்குள் எஞ்சின் அறையில்
எண்ணெய் போடுகிறவன் அவன் தம்பி.
"இண்டைக்குப் பன்னிரண்டு நொட்டிலை போறான்" என்பான்
பல் துலக்கியபடி.
காற்றெதிர்த்த நாட்களில் ஒன்பது.
ஒன்பது என்றால் அன்று அதிகம் பேசமாட்டான்.

பங்குனியில் கம்பெனி ஒப்பந்தம் போனது.
விசா ரத்து, ஒரு பெட்டி, இருபத்தி மூன்று கிலோ.
கட்டிலை மறுவாரமே ஒருவன் எடுத்துக்கொண்டான்.
ஐகானை என்ன செய்வது?
வலது பக்கம் அழுத்தினேன்.
"நீக்க வேண்டுமா?" என்றது.
வேண்டாம் என்று அழுத்தவும் இல்லை,
கேள்வியை அப்படியே விட்டு எழுந்து குளிக்கப் போனேன்.

பிறகு அது என் பழக்கமாகிவிட்டது.
பார்த்தே இராத ஒருவனின் வேகத்தைத்
தேநீரோடு பார்ப்பது.
மும்பை. சலாலா. ஹோர்முஸில் ஒரு பகல் முழுக்க நின்றது.
ஆனியில், புழுதிக்காற்று அடங்கிய ஒரு ராத்திரி
முக்கோணம் மேலே ஏறி ஏறி வந்து
ஷுஐபாவுக்கு வெளியே நங்கூரம் போட்டது.
எங்கள் கட்டடத்திலிருந்து
தெற்கே கடலில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

பனியன் மாற்றாமல் கடற்கரைக்கு நடந்தேன்.
நாற்பத்தோரு டிகிரி, இரவு பதினொன்று.
தூரத்தில் ஏழெட்டு விளக்குகள்.
எது என்று எந்தப் பட்டையிலும் எழுதியிருக்கவில்லை.
இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்,
இடமிருந்து மூன்றாவதை.
போனில் படம் எடுத்தேன்; கறுப்பு, அதில் ஒரு புள்ளி.

திருகோணமலைக்கு அனுப்பினேன்:
உன் தம்பி வந்திருக்கிறான்.

நீண்ட நேரம் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.
பிறகு வந்தது:
"சாப்பிட்டானாமோ?"