பச்சை நூல்

ஸ்காபரோவில் இருந்து பெட்டியில் வந்த
அண்ணாவின் கறுப்புக் காற்சட்டை
எனக்கு நாலு விரல் நீளம்.
கஸ்தூரியார் வீதியில் அறுநூறு கேட்டார்கள்.

கொக்குவில் அறைக் கதவைப் பூட்டினேன்.
ஊசிக்கண்ணில் நூல் போவதற்குள்
தேத்தண்ணி ஆறிப்போச்சு.
அளந்து, கோடு கீறி, வெட்டினேன்.
மற்றக் கால் என்று நினைத்து
அதே காலை இன்னொருக்கா வெட்டினேன்.

சரி, கட்டைக் காற்சட்டையாவது மிஞ்சட்டும் என்று
தப்பிய காலின் மடிப்பைப் பிரித்தால்
உள்ளே பச்சை நூல்,
கைத்தையல்.
ஒரு எட்டு நீளம், ஒரு எட்டுக் கட்டை,
முடிவில் மூன்று முடிச்சு.
காசு வாங்குகிற கை இப்படித் தைக்காது.

"இங்கை எல்லாம் வலு திறம்" என்று
கிழமைக்குக் கிழமை சொல்லும் கேதீஸ் அண்ணா,
நீங்களும் கதவைப் பூட்டிக்கொண்டுதானோ?

ஞாயிறு போனில் கேட்டார்: "அளவோ?"
"தைச்சு வைச்ச மாதிரி" என்றேன்.