நான்கு நொடி

நரின் நகரில் ஒரே தெருவில்
ஓய்வூதியம், நிலப்பதிவு, பாஸ்போர்ட், வரி.
சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தும்
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை.
எசென்குல்தான் நடுவில் ஓடினார்:
கம்பளித் தொப்பிக்குள் மடித்த சான்றிதழ்,
பனியில் வழுக்கும் படிகள்,
அரசு கொடுத்த காகிதத்தை
அரசுக்கே கொண்டுபோய்க் காட்டும் வேலை.

பிஷ்கெக்கிலிருந்து நாங்கள் வந்து
சுவரை இடிக்காமல் சன்னல் வைத்தோம்.
கேட்டதற்கு மட்டும் பதில்,
கேட்டவர் யார் என்று ஒரு குறிப்பு.
பிறப்பும் இறப்பும் யாருடைய பொறுப்பு,
முகவரி யாருடையது என்று
சண்டை போட்டே பதினான்கு மாதம் போனது.
கம்பி இழுக்க ஒன்பது நாள்.

மார்ச் ஆறாம் தேதி
பதிவக எழுத்தர் புருல்சா
ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினாள்.
நான்கு நொடியில் எசென்குல்
பதினொரு அலுவலகங்களில் இறந்துபோனார்.
முன்பென்றால் சாவும்
வரிசையில் நின்றிருக்கும்.

மருந்துக்கடையில் மாத்திரை மறுத்தபோதுதான்
அவருக்கே தெரிந்தது. நேராக வந்தார்.
"எந்தெந்த அலுவலகத்துக்குப் போகணும்?"
"எங்கேயும் வேண்டாம்."
காது சிவக்க அவள் எண்ணைத் திருத்தினாள்.

உயிர் திரும்பியது.
முதலில் அடையாளம் கண்டுகொண்டது
வரித்துறை.

பிழை, நேரம், திருத்தம் என்று
நான் மூன்று வரி எழுதி மூடினேன்.
அவர் நம்பவில்லை.
மாலைவரை படியேறி இறங்கி
பதினொரு இடத்திலும் முகத்தைக் காட்டிவிட்டுத்தான்
குதிரைகளுக்கு வைக்கோல் போடப் போனார்.