ஏறாத ஏணி

மேல் ரூமுக்கு நாலாயிரம்.
கீழ் ரூமுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.
நடுவில் நிற்பது
பதினொரு படியில் ஓர் இரும்பு ஏணி.

தாராவியில் எல்லோரும்
இருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டுகிறார்கள்.
நான்
ஏறாத ஏணிக்கும் சேர்த்துக் கட்டுகிறேன்.

சயான் ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் தடவை போனபோதுதான்
டாக்டர் தையல்கார டேப்பை எடுத்தார்.
இடதை அளந்தார். வலதை அளந்தார்.
நாற்பது சதவீதம் இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும்.
எனக்கு முப்பத்தெட்டு.
இரண்டு சதவீதம் குறைவாக நொண்டுகிறேனாம்.
வரிசையில் பின்னால் நின்றவர்
பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து
‘இன்னும் கொஞ்சம் இழுத்து நடந்திருக்கலாமே’ என்றார்.

வேலை வீட்டுக்கே வருகிறது.
ஜீன்ஸ் பேண்டில் பிசிறு நூல் வெட்ட
உருப்படிக்கு ஒரு ரூபாய்.
கம்பெனிக்கே போய் வெட்டுகிறவளுக்கு ஒன்றேமுக்கால்.
கம்பெனி மூன்றாவது மாடியில்.
அங்கேயும் ஒரு படிக்கட்டுதான்
என் முக்கால் ரூபாயை வைத்திருக்கிறது.

ஜூலையில் ஒரு ராத்திரி
சாக்கடை கதவு தட்டாமல் உள்ளே வந்தது.
கூடுதல் வாடகை கொடுக்கும் வீட்டுக்குத்தான்
முதலில் வரும்.
கட்டில் காலைத் தொட்டது, என் காலைத் தொட்டது,
எது குட்டை என்று அளக்காமல்
ஏறியது.

மேலேயிருந்து ரமீசா கத்தினாள்:
‘புஸ்பம்க்கா, மூட்டையைக் குடு மொதல்ல!’
கொடுத்தேன்.
முந்நூறு பேண்டும் போன பிறகு
நல்ல காலை ஊன்றி,
மற்றதைச் சேலையோடு சுருட்டிக்கொண்டு,
கையால் உடம்பை இழுத்து இழுத்து
ஏழாம் படியில் ஒரு தடவை அழுது
ஏறினேன்.

விடியும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன்.
நீலத் தார்ப்பாயும் டயர்களுமாகக் கூரைகள் போய்க்கொண்டே இருந்தன.
ஒன்பது வருசம் இருந்த சந்து
அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இறங்குவதை
ஞானதுரை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.
‘ஏறத்தான செய்யுத, தங்கபுஸ்பம்!
அப்போ இத்தன நாளும்?’

யாரும் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.
முப்பத்தெட்டிலும் கை வைப்பார்.

அண்ணாச்சிக்கு நான் பதில் சொல்லவில்லை.
தேதி ஐந்து.
டப்பாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தேன்,
ஐயாயிரத்து ஐந்நூறு.
நோட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு ஈரமாய் இருந்தன.
ஒவ்வொன்றாகப் பிரித்து
உதறி
வாங்கிக்கொண்டார்.