பாக்கி

பழைய இரும்பு விலைக்கு நிறுத்துத் தந்தவங்கள்
கோண்டாவில் கொமினிகேசன் கடைப் பெட்டியை.
மூடி கழற்ற எறும்பு, முட்டையோட.

ராமை அழிறப்பரால தேய்ச்சுக் கொழுவினன்.
மூண்டுதரம் கத்திப்போட்டு, பிறகு
ஒருக்காத்தான் கூவிச்சுது: உயிர் கிடக்கு.

பற்றி செத்ததால அதுக்கு இண்டைக்கும்
இரண்டாயிரத்திரண்டு, தை முதலாந் திகதி.
ஏ-ஒன்பது இன்னும் திறக்கேல்லை.

விண்டோஸ் அறுபத்தொரு வீதத்தில நிண்டுது.
சீடியில கீறல். பற்பசை பூசித் துடைச்சன்.
திரும்ப அறுபத்தொண்டில
கரண்ட் போச்சு. ஆரைப் பேசிறது?

விடிய நாலுக்கு நீல வானம், பச்சைப் புல்.
அழிக்காமல் விட்ட டி டிரைவில
கடைக் கணக்கு:
குணபூசணி, கனடா, நாற்பது நிமிசம், பாக்கி.
அடுத்த கிழமையும் குணபூசணி, கனடா.

அம்மாவின்ர பேர்.
கனடாவில எங்களுக்கு ஆருமில்லை.

தேத்தண்ணியோட வந்து நிண்டா.
"உது வேலை செய்யுதோ?"
"இன்னும் இல்லை" எண்டன்.